ஃபேர்ஹோப்: அடிமனை வாடகையில் எழுந்த ஓர் அலபாமா ஊர்

கரையோரன் எழுதியது:

அமெரிக்காவின் தெற்கு மாநிலங்கள் என்றதும் நம் ஆட்கள் பருத்தி, தேவாலயம், உள்நாட்டுப் போர் என்று மூன்று சொற்களில் பேச்சை முடித்துவிடுகிறார்கள். நான் அலபாமாவில், மொபைல் விரிகுடாவின் கிழக்குக் கரையில் ஒன்பது ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். வீடு டாஃப்னியில். அங்கிருந்து தெற்கே சிறிது தூரம் போனால் ஃபேர்ஹோப். அந்த ஊரைப் பற்றித் தமிழில் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

முதலில் கண்ணில் படுவதைச் சொல்கிறேன். கடைத்தெருவில் நடந்தால் திரும்பிய பக்கமெல்லாம் பூ. குப்பைத் தொட்டியின் தலையில்கூட மண் நிரப்பிப் பூச்செடி வைத்திருக்கிறார்கள். பருவம் மாறினால் நகராட்சி ஆட்கள் வந்து செடிகளை மாற்றிவிடுவார்கள். மேட்டிலிருந்து இறங்கினால் கால் மைலுக்கு மேல் நீளமுள்ள ஒரு பாலம் கடலுக்குள் நீள்கிறது. தூண்டில்காரர்களும் குழந்தை வண்டி தள்ளுபவர்களும் அந்தி நேரத்தில் அதில்தான் இருப்பார்கள். விரிகுடாவைப் பார்த்த மேடும் மணல்கரையும் நகரத்தின் நடுவே பூங்காவாகத் திறந்து கிடக்கின்றன. அமெரிக்கக் கடலோரத்தில் வீடு தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும், இப்படிப்பட்ட கரையைத் தனியார் வேலி வளைக்காமல் விட்டிருப்பது எவ்வளவு அரிது என்று.

இந்தத் திறந்த கரைக்குக் காரணம் 1894. அயோவா மாநிலத்தின் டிமாயின் நகரில் எர்னஸ்ட் பெரி கேஸ்டன் என்ற பத்திரிகையாளர் இருந்தார். பொருளாதாரச் சிந்தனையாளர் ஹென்றி ஜார்ஜ் 1879இல் எழுதிய 'முன்னேற்றமும் வறுமையும்' என்ற நூல் அவரையும் நண்பர்களையும் பிடித்துக்கொண்டது. ஜார்ஜ் சொன்னதன் சாரம் இதுதான். ஓர் ஊருக்கு ரயில் வருகிறது, துறைமுகம் வருகிறது, மக்கள் பெருகுகிறார்கள். பக்கத்தில் நிலம் வைத்திருப்பவர் ஒரு துரும்பையும் அசைக்காமலே அந்த நிலம் பத்து மடங்கு விலையேறுகிறது. அந்த ஏற்றம் ஊர் மக்கள் உண்டாக்கியது, ஆகவே ஊருக்கே சேர வேண்டும். நிலத்தின் மதிப்பின் மேல் மட்டும் வரி போடுங்கள். உழைப்பின் மேலும் வீட்டின் மேலும் வியாபாரத்தின் மேலும் போடாதீர்கள். இதைத்தான் ஒற்றை வரி என்றார்கள்.

கேஸ்டன் குழு இதை நாட்டுச் சட்டமாக ஆகும்வரை காத்திருக்கவில்லை. ஒரு சங்கம் அமைத்தார்கள். தெற்கே இடம் பார்த்துவர இருவரை அனுப்பினார்கள். மண் அவ்வளவு வளமில்லாவிட்டாலும் விலை மலிந்த இந்தக் கரை தேர்வாயிற்று. 1894 நவம்பர் 15 அன்று வந்து சேர்ந்தவர்கள் முப்பது பேர்கூட இல்லை. இந்தத் திட்டம் வெற்றி பெற ஓரளவு நல்ல நம்பிக்கை இருக்கிறது என்று அவர்களில் ஒருவர் சொன்ன வார்த்தையே ஊர்ப் பெயராயிற்று. ஃபேர்ஹோப் என்றால் அதுதான் பொருள். 'ஃபேர்ஹோப் கூரியர்' என்ற பத்திரிகையைக் கேஸ்டன் அதே ஆண்டு ஆகஸ்டில், டிமாயினில் இருந்தபடியே தொடங்கிவிட்டார். ஊர் பிறக்கும் முன்பே ஊர்ப் பத்திரிகை பிறந்துவிட்டது!

நிலம் முழுவதும் சங்கத்துக்குச் சொந்தம். குடியேறுபவர் 99 ஆண்டுக் குத்தகைக்கு மனை எடுத்து, ஆண்டுதோறும் வாடகை கட்டுவார். மனையில் மாளிகை கட்டினாலும் குடிசை போட்டாலும் மனையின் இருப்பிட மதிப்புக்குத்தான் வாடகை, கட்டடத்துக்கு இல்லை. வசூலான தொகையிலிருந்து அரசு வரிகளைச் சங்கமே கட்டிவிட்டு, மீதியைப் பொதுவேலைக்குச் செலவிடும். 1904இல் இந்த அமைப்பு ஃபேர்ஹோப் ஒற்றை வரிக் கழகம் என்று பதிவாயிற்று. இன்றும் இருக்கிறது. 4,000 ஏக்கருக்கு மேல் நிலம் அதன் கையில் இருக்கிறது.

---

வயல்வெளி எழுதியது:

அண்ணா, படித்ததும் எனக்கு எங்கள் தெருதான் நினைவுக்கு வந்தது. மயிலாடுதுறைப் பக்கம், தாத்தா காலத்திலிருந்து கோயில் அடிமனையில் வீடு. மண் கோயிலுக்கு, சுவரும் கூரையும் எங்களுக்கு. ஆண்டுதோறும் அடிமனை வாடகை கட்டி ரசீது வாங்கி வருவது என் வேலை. ஆக, ஃபேர்ஹோப்பில் நடப்பதும் அடிமனை வாடகைதானே?

எனக்கு இரண்டு சந்தேகங்கள். அடிமனையில் இருப்பவர் வீட்டை விற்கும்போது, சொந்தமில்லாத மண்ணுக்கும் சேர்த்து விலை சொல்லி வாங்கிவிடுகிறார். எங்கள் தெருவில் இதுதான் நடக்கிறது. அங்கே எப்படி? இரண்டாவது, வாடகையை யார் தீர்மானிக்கிறார்கள்? எங்கள் ஊரில் ஒவ்வொரு தடவை வாடகை உயரும்போதும் தெருவே கூடிப் பேசும். அங்கே மனிதர்கள் சும்மா இருந்துவிட்டார்களா?

---

கரையோரன் எழுதியது:

தம்பி, 'அடிமனை' என்ற சொல்லை நினைவூட்டியதற்கு நன்றி. இழையின் தலைப்பையே மாற்றிவிட்டேன்.

அங்கும் சும்மா இருக்கவில்லை. கழகத்தில் உறுப்பினராக வேண்டுமானால் கட்டணம் கட்டி, ஒற்றை வரிக் கொள்கையை ஏற்க வேண்டும். குத்தகைக்கு மட்டும் வந்தவர்களுக்கு ஓட்டு இல்லை. வாடகை கட்டுகிறோம், அதைத் தீர்மானிப்பதில் எங்களுக்குக் குரல் இல்லையா என்று அவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அந்தப் பிணக்கு முற்றியதன் விளைவாக 1908இல் ஃபேர்ஹோப் தனி நகராட்சியானது. ஊர் நிர்வாகம் நகராட்சிக்கு, நிலம் கழகத்துக்கு என்று பிரிந்தது. நான் முதலில் சொன்ன கரையோரப் பூங்காவும் கடற்கரையும் 1930களின் தொடக்கத்தில் கழகம் நகராட்சிக்கு எழுதிக்கொடுத்தவை.

உங்கள் முதல் சந்தேகத்துக்குப் பதில்: ஆம், இங்கும் அதேதான். இன்று வசூலாகும் வாடகை மனையின் முழு வாடகை மதிப்பைவிடக் குறைவு. எஞ்சிய மதிப்பு குத்தகைக்காரரின் கையில் தங்கி, வீட்டை விற்கும்போது விலையில் ஏறிவிடுகிறது. ஜார்ஜ் தடுக்க நினைத்தது இதைத்தான். அந்த வகையில் சோதனை பாதியில் நிற்கிறது என்றுதான் சொல்வேன். ஹென்றி ஜார்ஜுக்கே தனிக் குடியேற்றங்களில் பெரிய நம்பிக்கை இருந்ததில்லை.

ஆனால் ஒன்றைப் பார்க்க வேண்டும். டெலவேரில் 1900இல் தொடங்கிய ஆர்டென் போல வேறு ஒற்றை வரி ஊர்களும் உண்டு. அவற்றுக்கெல்லாம் மூத்தது, தெற்கின் பைன் காட்டு ஓரத்தில், வடக்கிலிருந்து பெட்டி படுக்கையோடு வந்த சிலர் போட்டது, 130 ஆண்டுகள் தாண்டி நிற்கிறது. அந்தக் காலத்துக் கற்பனைக் குடியேற்றங்களில் எத்தனை இவ்வளவு காலம் தாக்குப்பிடித்தன? தொடக்க ஆண்டுகளில் பிலடெல்பியா சோப்பு வியாபாரி ஜோசப் ஃபெல்ஸ் நிலம் வாங்கப் பணம் கொடுத்திராவிட்டால் இதுவும் கரைந்திருக்கலாம்.

---

மலர்விழி டீச்சர் எழுதியது:

வணக்கம். நான் 26 ஆண்டுகள் தொடக்கப்பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். ஃபேர்ஹோப் என்ற பெயர் எனக்கு மரியெட்டா ஜான்சன் வழியாகத்தான் தெரியும். ஆசிரியர் பயிற்சியில் அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி பற்றிப் படித்தபோது, அவர் 1913இல் நேரில் போய்ப் பார்த்து எழுதிய பள்ளி என்று ஒரே வரியில் கடந்துபோனார்கள். அந்த ஒரு வரி என்னை விடவில்லை.

1907இல் மரியெட்டா ஜான்சன் அங்கே 'ஆர்கானிக்' கல்விப் பள்ளியைத் தொடங்கினார். தேர்வு இல்லை. மதிப்பெண் இல்லை. தேறவில்லை என்று ஒரு பிள்ளையைக் கீழ் வகுப்பில் நிறுத்திவைப்பதும் இல்லை. எட்டு ஒன்பது வயதுவரை எழுத்தும் வாசிப்பும் திணிக்கக் கூடாது என்பது அவர் உறுதி. அதுவரை மண், மரம், கடல், கைத்தொழில், பாட்டு, நாட்டுப்புற நடனம். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கும் நடனமும் தச்சு வேலையும் கட்டாயம். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான்.

நான் வேலை பார்த்த காலத்தில் முதல் வகுப்புப் பையன் ஒருவன் தேர்வு நாளில் பென்சிலை இறுகப் பிடித்து, விரல் வெளுத்துப்போய் உட்கார்ந்திருப்பான். தாளில் ஒரு கோடுகூட இருக்காது. மணி அடித்ததும் வெளியே ஓடி, வேப்பமரத்தடியில் எறும்பு வரிசையை எண்ணி என்னிடம் வந்து சொல்வான். அறுபது வரை தப்பில்லாமல் எண்ணுவான்! தாளில் அவனுக்குப் பூஜ்யம்தான் போட்டேன். அவன் முகம் இன்றும் மறக்கவில்லை. அலபாமாவில் நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பெண்மணி அந்தப் பிள்ளைக்கு இடம் வைத்திருந்தார் என்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

கரையோரன் ஐயா, அந்தப் பள்ளி இப்போதும் நடக்கிறதா?

---

கரையோரன் எழுதியது:

நடக்கிறது அம்மா. சிறிய பள்ளிதான், இடமும் மாறிவிட்டது. பழைய வளாகத்தில் மணிக்கூண்டு வைத்த மரக்கட்டடம் ஒன்று நிற்கிறது. அதில் மரியெட்டா ஜான்சன் பற்றிய அருங்காட்சியகம் இருக்கிறது.

பெண்களைப் பற்றிச் சொன்னதால் இதையும் சேர்க்கிறேன். குடியேற்றத்தில் தொடக்கத்திலிருந்தே பெண் உறுப்பினர்களுக்குச் சம ஓட்டு. நாடு முழுவதும் பெண்களுக்கு ஓட்டுரிமை உறுதியானது 1920இல். மரீ ஹவ்லண்ட் என்ற மூதாட்டி மெக்சிகோவின் டோபோலோபாம்போ கூட்டுக்குடியேற்றம் சிதைந்தபின், 1899இல் இங்கு வந்தார். கணவர் விட்டுச்சென்ற புத்தகங்களைக் கொண்டுவந்து வைத்தார். ஊர் நூலகத்தின் வேர் அந்தப் புத்தகங்கள்தான்.

---

இரா.செ. எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் இழையில் இதுவரை ஒருவர் பெயர் வரவில்லை. நான்சி லூயிஸ்.

அடிமையாகப் பிறந்த கறுப்பினப் பெண். ஃபேர்ஹோப் எழுந்த நிலத்தில் அதற்கு முன்பே குடும்பத்தோடு வாழ்ந்தவர். குடியேற்றக்காரர்கள் அந்த நிலத்தை வாங்கியபோது அவர் வெளியேற நேர்ந்தது. நிலம் எல்லோருக்கும் பொது என்று பத்திரிகை நடத்தியவர்கள் செய்த முதல் காரியங்களில் ஒன்று, அந்த மண்ணில் இருந்த ஒரு பெண்ணை நகர்த்தியது.

அதோடு நிற்கவில்லை. குடியேற்றத்தில் கறுப்பினத்தவருக்கு இடமே கிடையாது. தெற்கின் வழக்கத்தை எதிர்த்தால் திட்டமே அழிந்துவிடும் என்று கேஸ்டன் காரணம் சொன்னார். கொள்கைக்கு இது முரண் என்பது அவருக்கே தெரியும். இதையெல்லாம் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர் அவருடைய பேரனே. வரலாற்றுப் பேராசிரியர் பால் கேஸ்டன், 'ஃபேர்ஹோப்பின் பெண்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் 1984இல் எழுதிய நூலில், மரீ ஹவ்லண்ட், மரியெட்டா ஜான்சன் இருவரோடு நான்சி லூயிஸையும் சமமாக உட்காரவைத்தார்.

'திறந்த கரை' என்று கரையோரன் எழுதியதைப் படித்தபோது எனக்கு வலித்தது. யாருக்குத் திறந்தது?

---

கரையோரன் எழுதியது:

இரா.செ. ஐயா சொன்னதில் ஒரு வார்த்தையையும் மறுக்க மாட்டேன். முதல் பதிவிலேயே நான் இதை எழுதியிருக்க வேண்டும். எழுதாதது என் தவறு.

நிலத்தைத் தனிச்சொத்தாக்குவது அநியாயம் என்று கண்டுகொண்ட அதே கண்கள், பக்கத்து வீட்டு மனிதரைப் பார்க்க மறுத்தன. பேரன் எழுதிய அந்தப் பக்கங்களைப் படித்தபின் எனக்குப் பாலத்தில் நடப்பதே வேறு மாதிரி ஆகிவிட்டது. அழகு குறையவில்லை. ஆனால் பார்த்துக்கொண்டே நடக்கும்போது மேட்டின் மேல் யார் வீடு இருந்திருக்கும் என்று தேடுகிறேன்.

---

மலர்விழி டீச்சர் எழுதியது:

இரா.செ. ஐயா, உங்கள் கோபத்தை ஏற்கிறேன். ஆனாலும் அந்தப் பள்ளியை இதனால் தள்ளிவிட முடியவில்லை. அது எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைத்திருக்க வேண்டும் என்ற ஆற்றாமைதான் கூடுகிறது.

---

இரா.செ. எழுதியது:

தள்ளச் சொல்லவில்லை அம்மா. சேர்த்துப் படிக்கச் சொல்கிறேன்.

கோபத்தை ஒதுக்கிவைத்து, அந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த மனிதரைப் பற்றிச் சொல்கிறேன். ஹென்றி ஸ்டூவர்ட். ஐடஹோவில் வாழ்ந்தவர். காசநோய், அதிக நாள் தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட, சாவதற்கு இதமான இடம் தேடி 1923இல் ஃபேர்ஹோப்பை ஒட்டிய மான்ட்ரோஸுக்கு வந்தார். நிலத்துக்கு 'டால்ஸ்டாய் பூங்கா' என்று பெயர் வைத்தார். தன் கையாலேயே சிமெண்ட் கட்டிகள் வார்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வட்டமாகக் கூடாரம் போல ஒரு வீடு கட்டினார். தரை மட்டத்துக்கு இரண்டடி கீழே இறங்கித்தான் உள்ளே போக வேண்டும். குறுக்களவு 14 அடி. செருப்பே போடுவதில்லை. உள்ளே தறி போட்டு விரிப்பு நெய்தார். சாக வந்தவர் மேலும் 20 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து 1946இல்தான் இறந்தார். அவரைப் பார்க்கப் பலர் வந்தார்கள். புகழ்பெற்ற வழக்கறிஞர் கிளாரன்ஸ் டாரோ அவர்களில் ஒருவர்.

டால்ஸ்டாய் பெயர் அங்கே தற்செயலாக ஒட்டவில்லை. டால்ஸ்டாயும் ஹென்றி ஜார்ஜின் தீவிரப் பற்றாளர். அதே டால்ஸ்டாய் பெயரில் 1910இல் ஜோகன்னஸ்பர்க் அருகே காந்தி அமைத்த பண்ணையில்தான் சத்தியாக்கிரகத் தமிழ்க் குடும்பங்கள் பல தங்கின. நம்மவர்கள் அந்தப் பண்ணையில் தண்ணீர் சுமந்த கதையும் இந்த அலபாமா மேட்டின் கதையும் ஒரே ஊற்றிலிருந்து கிளம்பியவை.

---

வயல்வெளி எழுதியது:

அந்த வட்ட வீடு இப்போது இருக்கிறதா?

---

கரையோரன் எழுதியது:

இருக்கிறது. சுற்றிலும் அலுவலகக் கட்டடங்களும் கார் நிறுத்துமிடமும். நடுவில் அது மட்டும் புற்று போலத் தனியாக நிற்கிறது. தேசிய வரலாற்றுச் சின்னப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். நான் ஒரு மழை நாளில் போனேன். உள்ளே கால் வைத்ததும் சத்தம் எல்லாம் அடங்கிவிட்டது. சுவரைத் தடவினால் சில்லென்று இருந்தது; கட்டிகளின் விளிம்பு ஒவ்வொன்றும் விரலுக்குத் தட்டுப்பட்டது.

---

நெய்தல் எழுதியது:

ஐயா, கிழக்குக் கரையில் இருந்துகொண்டு, மீனும் நண்டும் கரையோரம் வந்து குவியும் ஜூபிலி பற்றி எழுதாமல் விட்டுவிட்டீர்களே! நான் தூத்துக்குடியில் மீன்வளம் படித்தவன். எங்கள் பேராசிரியர் வகுப்பில் சொன்னதிலிருந்து அதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

---

கரையோரன் எழுதியது:

அதைத் தனியாக எழுத வைத்திருந்தேன் தம்பி.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஆகஸ்டில், அதிகாலை நாலுக்குக் கொஞ்சம் முன்பு போன் அடித்தது. நாலு வீடு தள்ளியிருக்கும் பாட்டி. ஒரே சொல்: "ஜூபிலி!" வைத்துவிட்டார். முன்காலத்தில் மணி அடித்துக்கொண்டு தெருவில் ஓடுவார்களாம். நான் துணி துவைக்கும் தொட்டியையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

காற்று இல்லை. அலை இல்லை. தண்ணீர் எண்ணெய் ஊற்றியது போல. டார்ச் அடித்தேன். கணுக்கால் ஆழத்தில் தட்டை மீன்கள், தட்டில் அடுக்கிய தோசை போல ஒன்றன்மேல் ஒன்று. அசைவு இல்லை, செவுள் மட்டும் திறந்து மூடுகிறது. நண்டுகள் தண்ணீரை விட்டு வெளியேறத் துடித்துப் படகுத்துறைக் கட்டையில் ஏறிக்கொண்டிருந்தன, ஒன்றின் முதுகில் ஒன்று. விலாங்கு, திருக்கை, இறால் எல்லாமே கரையை நோக்கி முகம் வைத்திருந்தன. பெட்ரோமாக்ஸ் விளக்கோடு நைட்டியில் நின்ற பாட்டி, குனிந்து எடுக்கப் போன என் கையைப் பிடித்துச் சொன்னார்: "சமைக்கும் அளவுக்கு எடு. தொட்டி நிறைய வேண்டாம்."

வெளிச்சம் வந்து கொஞ்ச நேரத்தில் மீன்கள் ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்துத் திரும்பிப் போய்விட்டன. அன்று மதியம் எங்கள் வீட்டில் நண்டுக் குழம்பு. பாட்டிக்கு ஒரு தூக்கு நிறையக் கொடுத்தனுப்பினேன்.

---

நெய்தல் எழுதியது:

படிக்கும்போதே உடல் சிலிர்க்கிறது ஐயா.

காரணத்தை நான் சொல்கிறேன். மொபைல் விரிகுடாவில் வடக்கிலிருந்து ஆறுகளின் நன்னீர் இறங்குகிறது. உப்புநீர் கனமானது, அடியில் தங்கும். நன்னீர் மேலே. வெயில் காலத்தில் இரண்டும் கலக்காமல் அடுக்காக நிற்கும். ஆறு கொண்டுவந்த இலை தழை அடியில் அழுகும்போது அங்குள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோகும். மெல்லிய கிழக்குக் காற்று மேல்நீரைக் கரையிலிருந்து விலக்கித் தள்ளும். அப்போது ஓதம், அதாவது கடல்நீர் மட்டம், ஏறினால், ஆக்சிஜன் இல்லாத அடிநீர் கரையோரம் ஏறிவரும். தரையோடு வாழும் உயிர்கள் அதன் முன்னால் விரட்டப்பட்டு ஆழமற்ற இடத்தில் முட்டிக்கொள்ளும். அதனால்தான் தட்டை மீன், நண்டு, இறால் மட்டும் அதிகம். மேல்மட்டத்தில் நீந்தும் மீன்கள் குறைவு. இது செத்துக் கரை ஒதுங்குவதல்ல, மூச்சுத் திணறல். காற்று திரும்பினாலோ ஓதம் இறங்கினாலோ அவை பிழைத்துப் போய்விடும். டாஃப்னியிலிருந்து தெற்கே சுமார் 15 மைல் கரையில்தான் இது மறுபடி மறுபடி நடக்கிறது. உலகில் இப்படித் தவறாமல் நடக்கும் இடங்கள் மிகக் குறைவு.

---

வயல்வெளி எழுதியது:

ஒரே ஒரு கேள்வி அண்ணா. ஜூபிலி நடக்கும் கரை யாருடையது? தனியார் வீட்டு முன்னால் மீன் ஒதுங்கினால் வெளியாள் இறங்கி எடுக்க முடியுமா?

---

கரையோரன் எழுதியது:

நல்ல கேள்வி. பல இடங்களில் கரைக்குப் போகும் வழியே தனியார் வீட்டு முற்றம் வழியாகத்தான். பக்கத்து வீட்டார் கூப்பிட்டால்தான் உண்டு. எனக்கே பாட்டியின் படித்துறைதான் வழி. ஃபேர்ஹோப் பூங்காக் கரையில் அப்படி இல்லை. யார் வேண்டுமானாலும் தொட்டியோடு இறங்கலாம். யாரும் கேட்க மாட்டார்கள். கேஸ்டன் குழுவின் கணக்கு எங்கே பலித்தது, எங்கே பலிக்கவில்லை என்று நாம் எவ்வளவு வாதாடினாலும், அந்த இடத்தில் அது பலித்திருக்கிறது.

---

மலர்விழி டீச்சர் எழுதியது:

என் மகள் அட்லாண்டாவில் இருக்கிறாள். அடுத்த கோடையில் வருகிறேன். எந்த மாதம் வந்தால் ஜூபிலியைப் பார்க்கலாம்?

---

கரையோரன் எழுதியது:

ஆகஸ்டில் வாருங்கள் அம்மா. நாள் குறித்துச் சொல்ல யாராலும் முடியாது. முந்தைய நாள் மேகமூட்டமாக இருந்து, கிழக்கே இருந்து மெல்லிய காற்று வீசி, விடியலுக்கு முன் ஓதம் ஏறினால் பாட்டி தூங்கவே மாட்டார். உங்கள் எண்ணைத் தனிமடலில் அனுப்பிவையுங்கள், எங்கள் வீட்டிலேயே தங்கலாம். இரா.செ. ஐயாவும் வருவதாக இருந்தால் மூவருமாக முதலில் அந்த மேட்டுக்குப் போய்விட்டு வருவோம்.